தலைமுறையும் இறைமறையும்: எபிரேய வேதத்தின் வம்ச வரிசைகள் குறித்து ஓர் ஆய்வு

சீறாப்புராணத்தைப் பாடநூலாகப் பயிலும் மாணவருள் பலர், நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் சுவைத்துப் படித்துவிட்டுத் தலைமுறைப் படலத்தை அடைந்ததும் ஏடுகளை விரைந்து புரட்டத் தொடங்குவர். பெயர்க்குப்பின் பெயராக அடுக்கிச் செல்லும் பாடல்களில் கதை ஏது, கற்பனை ஏது என்பது அவர்தம் எண்ணம். பழைய ஏற்பாட்டைப் படிக்கப் புகும் கிறித்தவ அன்பர்களிடமும் இவ்வழக்கம் உண்டு. ஆதியாகமத்தின் 5ஆம் அதிகாரத்தையோ, முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களையோ வரி விடாமல் படித்தவர் எத்தனை பேர் என வினவினால், கையுயர்த்துவோர் மிகச் சிலராகவே இருப்பர். ஆயினும் அம்மறையைத் தொகுத்த பெரியோர் இப்பெயர் வரிசைகளை இடம் நிரப்புவதற்காக வைத்தாரல்லர். தோற்சுருள்களில் கையால் எழுதிப் படியெடுத்துக் காத்துவந்த காலத்தில், பொருளற்ற நெடும் பட்டியல்களைத் தலைமுறை தலைமுறையாக எவரும் சுமந்திருக்கமாட்டார். அவ்வரிசைகள் சமய நிலையில் எதனைச் சொல்ல எழுந்தன, புதுவை நகரில் வாழும் நமக்கு அவற்றோடு என்ன தொடர்பு என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேர் ஒன்றே

உமறுப் புலவர் தம் காப்பியத்தின் முதற்பகுதிக்கு விலாதத்துக் காண்டம் எனப் பெயரிட்டார். விலாதத்து என்பது பிறப்பு. அரபு மொழியில் வ, ல, த என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல் அது. நம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஓதப்பெறும் மௌலிது என்பதும் அவ்வேரின் கிளையே. இவ்வேர் எபிரேயத்தில் ய, ல, த என நிற்கும். அரபியில் சொல்லின் முதலில் நிற்கும் வகரம் எபிரேயத்தில் யகரமாகத் திரிவது அவ்விரு மொழிகளுக்கும் இடையே பெருவழக்காகக் காணப்படும் ஒலிமாற்றம். அவ்வேரினின்று எழுந்த எபிரேயச் சொல் ‘தோலெதோத்’. தலைமுறைகள், பிறப்பு வரலாறு, வழிமரபு என்றெல்லாம் அதற்குப் பொருள் கூறுவர். அச்சொல்லின் முதலசையில் உள்ள ஓகாரம் பழைய வகரத்தின் எச்சமே என்பர் மொழியறிஞர். ஆக, ஆதியாகமத்தின் தோலெதோத்தும் உமறுவின் விலாதத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆதியாகமம் முழுவதும் இச்சொல்லைத் தூணாகக் கொண்டு எழுப்பப்பெற்ற கட்டடம் எனலாம். வானமும் பூமியும், ஆதாம், நோவா, நோவாவின் மைந்தர், சேம், தேராகு, இஸ்மவேல், ஈசாக்கு, ஏசா, யாக்கோபு எனப் பத்துத் தலைப்புகளில் அது வருகின்றது. ஏசாவுக்கு மட்டும் இருமுறை. ஆபிரகாமுக்கெனத் தனித் தலைப்பு இல்லை. அவர் வரலாறு முழுவதும் அவர் தந்தை தேராகின் தலைப்பின்கீழ் அடங்குகின்றது. இதனைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

இப்பத்தில் இல்லாத ஒன்றே இங்குப் பெரிதும் எண்ணத்தக்கது. வானுக்கும் மண்ணுக்கும் தோலெதோத் உண்டு, இறைவனுக்கு இல்லை. அக்காலப் பாபிலோனியரின் படைப்புக் காவியம் கடவுளரின் பிறப்பு வரிசையோடு தொடங்குகின்றது. ஒரு கடவுள் மற்றொரு கடவுளைப் பெற, அவர் பிறரைப் பெற, அவர்களுக்குள் போர் மூண்டு, அதன் முடிவிலேயே உலகம் தோன்றுகின்றது. எபிரேய வேதமோ இறைவனை எந்த வம்ச வரிசையிலும் சேர்க்கவில்லை. பிறப்பு என்பது படைக்கப்பட்டவற்றுக்கே உரியது என்னும் கோட்பாட்டை அது வாதம் செய்து நிறுவாமல், அட்டவணையின் அமைப்பாலேயே நிறுவிவிடுகின்றது. திருக்குர்ஆனின் இக்லாஸ் அத்தியாயம் இறைவனுக்கு ஈன்றவரும் இல்லை, ஈனப்பட்டவரும் இல்லை என மறுக்கும் இடத்தில் ஆள்வது இதே வ-ல-த என்னும் வேரைத்தான் என்பதை அரபு பயிலும் மாணவர் உடனே உணர்வர்.

மண்ணில் தொடங்கும் மரபு

ஆதாம் முதல் நோவா வரை தலைமுறைகள் பத்து: ஆதாம், சேத், ஏனோஸ், கேனான், மகலாலெயேல், யாரேத், ஏனோக்கு, மெத்தூசலா, லாமேக்கு, நோவா. சேம் முதல் ஆபிராம் வரை மீண்டும் பத்து. முதற் பத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரே அச்சில் வார்த்த செய்தி கூறப்படும். இத்தனை ஆண்டில் மகனைப் பெற்றார், பின் இத்தனை ஆண்டு வாழ்ந்தார், மொத்தம் இத்தனை ஆண்டு, இறந்தார். மெத்தூசலா 969 ஆண்டு வாழ்ந்ததாகச் சொல்லப்பட்டாலும் அவர்க்கும் முடிவுச் சொல் அதுவேதான். சாவுமணி போல் அச்சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. ஏழாமவராகிய ஏனோக்கு ஒருவர்க்கு மட்டும் அம்மணி ஒலிப்பதில்லை. அவர் வாழ்நாள் 365 ஆண்டு, இறைவனோடு ஒழுகிவந்த அவரை இறைவன் எடுத்துக்கொண்டான் என்னும் செய்தியே அவ்விடத்தில் உள்ளது. இவரையே நம் அறிஞர் பலர் இத்ரீஸ் நபி (அலை) எனக் கொண்டனர். நீண்ட ஆயுள் அன்று, இறைவனோடு ஒழுகுதலே சாவை வெல்லும் வழி என்பதை ஓர் அட்டவணையில் விடுபட்ட ஒரு சொல்லைக் கொண்டே உணர்த்தியிருப்பது வியக்கத்தக்கது.

அரச மரபுகளின் வம்சாவளியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும். தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. புதுவைக்குத் தெற்கேயுள்ள பாகூரில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடுகளைக் காண்க. நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை அறக்கொடையாக அளித்த செய்தியைக் கூறுவன அவை. கொடைச் செய்திக்கு முன் வம்ச வரிசை வருகின்றது. திருமாலிடமிருந்து நான்முகன், அவரிடமிருந்து ஆங்கிரசர், பின் பிரகசுபதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன் என இறங்கி அரசனிடம் முடிகின்றது. கம்பராமாயணத்தின் குலமுறை கிளத்து படலமும், கலிங்கத்துப்பரணியின் இராச பாரம்பரியமும் இவ்வகையினவே. கடவுளில் தொடங்கி ஒரு குடியில் முடியும் வரிசைகள் இவை. அக்குடி மட்டுமே அம்மேன்மைக்கு உரியது. சுமேரியரின் அரசர் பட்டியலும் வெள்ளத்திற்கு முன் ஆண்ட மன்னர்க்குப் பல்லாயிரம் ஆண்டுகளை வாரி வழங்கும். ஆயினும் அது அரசர் பட்டியலே ஒழிய மக்கள் பட்டியல் அன்று.

எபிரேய வரிசை மண்ணில் தொடங்குகின்றது. ‘ஆதாம்’ என்னும் பெயரையே மண்ணைக் குறிக்கும் ‘அதாமா’ என்னும் சொல்லோடு இணைத்துக் காட்டுகின்றது ஆதியாகமம். (நம்மவர் சிலர் மேடைகளில் ‘ஆதி’ என்னும் சொல்லையும் ‘ஆதம்’ என்னும் பெயரையும் ஒன்றாக்கி மகிழ்வது கேட்க இனிமையாயினும் சொல்லாராய்ச்சிக்கு ஒவ்வாது.) அவ்வரிசையில் அரசர் இலர். 10ஆம் அதிகாரத்தில் நோவாவின் மைந்தர் வழியாக உலகின் இனங்கள் எழுபதும் பெயர் சொல்லப்படுகின்றன. இசுரவேலின் பெயரே அங்கு இல்லை. தம் இனத்தின் வேதத்தில் தம் இனத்தின் பெயர் வருமுன் பிற இனங்கள் அனைத்தையும் உறவினராக எழுதிவைத்த துணிவை எளிதாகக் கருதலாகாது. யூத மறையறிஞர் பிற்காலத்தில் மிஷ்னா என்னும் தொகுப்பில் இதன் பொருளை வெளிப்படையாகவே கூறினர். இறைவன் முதலில் ஒரே மனிதனைப் படைத்தது, பின்வருவோருள் எவரும் தம் தந்தை பிறர் தந்தையினும் உயர்ந்தவர் எனச் செருக்காதிருக்கும் பொருட்டே என்பது அவர் தந்த விளக்கம்.

ஆண்டுக் கணக்கும் புதுவையும்

இவ்வரிசைகளை வரலாற்றுக் கணக்காக மட்டும் கொண்டு மயங்கியவரும் பலர். ஐயர்லாந்து நாட்டுப் பேராயர் அஷர் 17ஆம் நூற்றாண்டில் இவ்வாண்டுகளைக் கூட்டி, உலகப் படைப்பு கி.மு. 4004இல் என்றும், வெள்ளம் கி.மு. 2348இல் என்றும் குறித்தார். எபிரேய மூலத்தின்படி ஆதாம் முதல் வெள்ளம் வரை 1656 ஆண்டுகள். சமாரியரின் படியில் 1307. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ 2200க்கும் மேல். பெயர்கள் ஒன்றாயிருக்க எண்கள் மட்டும் மாறுவதை நோக்கின், தொகுத்தோர்க்குப் பெயர்களின் தொடர்ச்சியே உயிர்நிலை என்பது தெளிவாகும்.

இக்கணக்கு 18ஆம் நூற்றாண்டில் நம் புதுவையின் வழியாகப் பெரும் பூசலைக் கிளப்பியது என்பது பலர் அறியாத செய்தி. கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 என்பது நம் பஞ்சாங்கக் கணக்கு. அது அஷரின் வெள்ளத்திற்கு ஏறத்தாழ 750 ஆண்டு முற்பட்டது. வெள்ளி கதிரவனைக் கடப்பதைக் காண 1769இல் புதுவையில் காத்திருந்து, வானம் மூடிக்கொண்டதால் ஏமாந்த லெ ழாந்தீய் என்னும் பிரெஞ்சு வானியலார், இங்குள்ள தமிழரிடம் கிரகணக் கணிப்பு முறையைக் கற்று ஐரோப்பாவிற்கு எடுத்துச் சென்றார். அதே 1769இல் புதுவை மாரிதாசுப் பிள்ளை பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்து முடித்தார். அது 1788இல் பாரிசில் அச்சேறியது. அதிலுள்ள அரச வம்சங்களை ஐரோப்பிய அறிஞர் விவிலியக் கணக்கோடு பொருத்திப் பார்க்க முயன்றனர்.

இவற்றினும் சுவையானது எசூர்வேதம் என்னும் நூலின் கதை. பிரெஞ்சிந்தியாவில் பணியாற்றித் திரும்பிய மோதாவ் என்பவர் 1760இல் வால்தேரிடம் ஒரு கையெழுத்துப்படியை அளித்தார். அதில் முதல் மனிதனின் பெயர் ‘ஆதிமோ’ எனக் கண்ட வால்தேர், எபிரேயரின் ஆதாம் இந்தியரிடம் கடன் பெற்றதே என முழங்கலானார். அந்நூல் அலெக்சாந்தரின் படையெடுப்பிற்கும் முந்தியது என்பது அவர் துணிபு. 1778இல் அது அச்சேறியது. நான்கே ஆண்டில், 1782இல், சொன்னெரா என்னும் பயணி அது வேதமன்று, கிறித்தவப் பாதிரியார் ஒருவர் எழுதியது என எடுத்துரைத்தார். பின்னர் எல்லிஸ் துரை இவ்வகைப் போலி வேதங்களின் கையெழுத்துப்படிகளைப் புதுவையிலேயே கண்டு ஆராய்ந்தார். அவர் கட்டுரை 1822இல் வெளிவந்தது. பாதிரியார் ஆதாமை ஆதிமோ ஆக்கினார். வால்தேர் அந்த ஆதிமோவைக் கொண்டே ஆதாமை மறுத்தார். யாருடைய பாட்டனார் மூத்தவர் என்னும் வழக்கில் இரு தரப்பாரும் ஒரே ஏட்டைச் சான்றாகக் காட்டிய விந்தை இது. மூப்புப் பற்றிய இவ்வழக்கு அந்த அட்டவணைகளை எழுதியோர் மனத்தில் இருந்ததன்று.

மூத்தோரும் இளையோரும்

வழிமரபு என்றால் மூத்த மகன் வழியே செல்வது என்பது அக்கால மரபு. எபிரேய வேதமோ அம்மரபை எழுதிவைத்து, எழுதிய கையாலேயே அதனை மீறுகின்றது. ஏசா மூத்தவர், ஆசி யாக்கோபுக்கு. ரூபன் மூத்தவர், அரசு யூதாவின் வழிக்கு. மனாசே மூத்தவர், பாட்டனாரின் வலக்கை எப்பிராயீம் தலைமேல். ஈசாயின் மைந்தர் எழுவரும் வந்து நின்று செல்ல, ஆடு மேய்க்கச் சென்றிருந்த தாவீது அழைக்கப்பெறுகின்றார். பிறப்பால் மட்டும் எதுவும் வந்துவிடாது என்பதைக் கூறவே பிறப்பு வரிசையை இவ்வளவு கவனமாக எழுதினார்களோ என எண்ணத் தோன்றுகின்றது.

நம்மவர் சிறப்பாகக் கருதவேண்டிய பகுதி இஸ்மாயீல் (அலை) அவர்களைப் பற்றியது. ஆதியாகமம் உடன்படிக்கையை ஈசாக்கின் வழியில் வைக்கின்றது. அதில் நமக்கும் அவர்க்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அந்நூல் இஸ்மாயீலை அழித்துவிடவில்லை. 25ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் தோலெதோத்துக்கு முன்பாகவே இஸ்மவேலின் தோலெதோத் வைக்கப்பெற்றுள்ளது. நெபாயோத், கேதார் முதலாகப் பன்னிரு மைந்தரின் பெயர்கள் ஊர்களோடும் பாளையங்களோடும் குறிக்கப்படுகின்றன. ஏசாவின் வழியினர்க்கோ 36ஆம் அதிகாரம் முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. தெரிந்தெடுக்கப்படாத மகனும் மகனே. அவன் பேரப்பிள்ளைகளின் பெயரும் இறைமறையில் இடம்பெறத் தக்கதே என்பது அந்நூலின் நெறி. உரைகாரர் பலர் இதனைப் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் கருத்து.

அரபு வம்ச நூலோர் தம் வரிசையை இப்பன்னிருவருள் நாபித் (நெபாயோத்) அல்லது கைதார் (கேதார்) வழியாகவே இணைத்தனர். இப்னு ஹிஷாமின் சீறா நூல் முகம்மது நபி (ஸல்) அவர்களிடம் தொடங்கி ஆதம் (அலை) வரை மேனோக்கிச் செல்லும். இப்ராஹீமுக்கு மேலுள்ள பெயர்களை ஆதியாகமத்தின் 5, 11ஆம் அதிகாரங்களோடு அருகருகே வைத்துப் பார்த்தால் ஒலி மாறினாலும் வரிசை மாறாமை புலப்படும். அண்ணலாரிடமிருந்து அத்னான் வரையுள்ள 21 முன்னோரைப் பற்றி நம் அறிஞரிடையே ஒற்றுமை உண்டு. அத்னானுக்கு மேலே கருத்து வேறுபாடுகள் மிகுதி. அவ்விடத்தில் வாதிடாது நிறுத்திக்கொள்வதே அறிஞர் பலரின் நெறியாக இருந்தது.

உமறுப் புலவர் இவ்விரு மரபுகளும் தமிழ்க் காப்பிய மரபும் கூடும் இடத்தில் நிற்கின்றார். கம்பர்க்குக் குலமுறை கிளத்தல் போல் அவர்க்குத் தலைமுறைப் படலம். ஆனால் அங்கே தலைமுறைதோறும் கைமாறுவது முடியன்று, செங்கோலன்று; ஆதம் நபியிடம் வைக்கப்பெற்றுத் தூயோர் வழியே அப்துல்லாஹ் அவர்களை வந்தடையும் பேரொளி. ஒளியை ஏந்தினோர் அதற்கு உரிமையாளர் அல்லர். அமானிதமாகப் பெற்று அடுத்தவர் கையில் சேர்ப்போர். எபிரேய வரிசையில் ஆசியும் வாக்குறுதியும் கைமாறுவதற்கு இணையானது இது. வீரமாமுனிவரும் தேம்பாவணியில் சூசையப்பரைத் தாவீதின் வழித்தோன்றலாக நிறுவிய பின்னரே கதையை நடத்துகின்றார். ‘யோசேப்பு’ என்னும் எபிரேயப் பெயரின் பெருக்கப் பொருளை உணர்ந்து ‘வளன்’ எனப் பெயரிட்டவர் அவர். அக்காப்பியம் 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாகப் புதுவை மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது என்பதைப் புதுவைத் தமிழர் பெருமையோடு நினைவுகூரலாம்.

பட்டியலில் பெண்டிர்

தந்தை வழியே செல்லும் இவ்வரிசைகளில் பெண்ணின் பெயர் வருவது அரிது. வருமிடத்தில் பொருளோடு வரும். செலோப்பியாத்துக்கு ஆண்மக்கள் இலர், மகளிர் ஐவர். தந்தையின் பெயர் அழியலாகாதென அவர்கள் மூசா நபியிடம் வழக்குரைத்துச் சொத்துரிமை பெற்ற செய்தியை எண்ணாகமத்தின் 27ஆம் அதிகாரம் ஐவர் பெயரையும் சுட்டிக் கூறுகின்றது.

ரூத் நூலின் முடிவு இதனினும் ஆழமானது. மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபையில் சேரலாகாது என்பது உபாகமத்தின் சட்டம். ரூத் மோவாபியப் பெண். அவர் வரலாற்றைக் கூறும் நூலின் இறுதியில் பாரேசு முதல் ஒரு வம்ச வரிசை தரப்பட்டுள்ளது. அதில் எண்ணி வைத்தாற்போல் பத்தே தலைமுறைகள். பத்தாவது பெயர் தாவீது. அவ்வரசரின் தந்தையைப் பெற்ற பாட்டனாரை ஈன்றவர் ரூத்! சட்டம் பத்தை எண்ணி வாயிலை அடைத்தது. அட்டவணை பத்தை எண்ணி அரசனைக் கொண்டுவந்து நிறுத்தியது.

பதிவேட்டில் பெயர் இல்லாதோர்

இனி வேறொரு குரலையும் கேட்டாக வேண்டும். கி.மு. 538ஐ ஒட்டிப் பாரசீகப் பேரரசர் சைரசு விடையளிக்க, பாபிலோனியச் சிறையிருப்பினின்று யூதர் நாடு திரும்பினர். எஸ்றா நூலின் 2ஆம் அதிகாரம் திரும்பியோரின் பட்டியலைத் தருகின்றது. தம் தந்தையர் வீட்டையும் வழிமரபையும் காட்ட இயலாதோர் 652 பேர் அதில் தனியே குறிக்கப்பட்டுள்ளனர். குருமார் குடும்பங்கள் சிலவும் தம் பெயரைப் பதிவேட்டில் தேடின, கிடைக்கவில்லை. அவர்கள் தீட்டுடையோராக எண்ணப்பெற்றுக் குருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டனர். அதே நூலின் இறுதியில் அயலினப் பெண்டிரை மணந்தோரின் பட்டியலும், அப்பெண்டிரை அவர்கள் அனுப்பிவிட்ட செய்தியும் வருகின்றன. வாக்குறுதியைச் சுமந்து வந்த அட்டவணை இங்கே வேலியாக மாறிவிட்டது. அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட சிறு கூட்டம் தன்னைக் காத்துக்கொள்ள வேலியிட்டது இயற்கையே எனினும், அவ்வேலிக்கு வெளியே குழந்தையோடு நின்ற தாயரை எண்ணாமல் அப்பகுதியைப் படிக்க இயலவில்லை. ரூத் நூல் எஸ்றாவுக்கு எழுதிய மறுமொழி எனக் கருதும் அறிஞரும் உளர்.

இச்செய்தி புதுவை மக்களுக்குப் புரியாததன்று. ‘எத்தா சிவில்’ எனப்படும் குடிநிலைப் பதிவேடு பிரெஞ்சியர் இங்கு விட்டுச் சென்ற அமைப்புகளுள் ஒன்று. 1819ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ஆணை, இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் தத்தம் வழக்கத்தின்படி நீதி பெறலாம் என்றது. 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையோ, விரும்புவோர் தம் தனியார் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்கலாம் என்றது. அவ்வாறு துறந்தோரை ‘ரெனோன்சான்’ என்பர். துறவு மீளாதது, வழியினர்க்கும் பற்றுவது. துறந்தவர் தமக்கும் தம் சந்ததியார்க்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிதல் வேண்டும். அவ்வியக்கத்தின் தலைவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, வாயில் எனப் பொருள்படும் லாப்போர்த் என்பதைத் தம் பெயராக்கினார். தந்தையின் பெயரையே தலையெழுத்தாகக் கொண்டு வாழ்ந்த மண்ணில், ஒரு மனிதர் தம் பெயரைத் தாமே தேர்ந்து ஒரு வம்சத்திற்கு முதல்வராகும் நிகழ்ச்சி அது. சாதியால் தாழ்த்தப்பட்ட பலர்க்கு அப்பெயர் பழைய சிறையினின்று வெளியேறும் வாயிலாகவே இருந்தது.

பின்னர் 1956ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் உடன்படிக்கை, 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு திங்களுக்குள் எழுதித் தரவேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. எழுதித் தந்தவரின் பேரர் இன்று பிரெஞ்சுக் குடிமக்கள்; எழுதாதவரின் பேரர் இந்தியக் குடிமக்கள். ஒரே தெருவில், ஒரே பாட்டனார் வழியில் இரு நாட்டினர் வாழ்வதைப் புதுவையில் காணலாம். சொல்தாக் குடும்பங்களில் பாட்டனாரின் பிறப்புச் சான்றும் பாட்டியாரின் மணச் சான்றும் நகைப்பெட்டியோடு வைத்துக் காக்கப்படுவதை அறியாதார் யார்? பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழைபட்டால் அதனைத் திருத்த நீதிமன்றம் ஏறவேண்டும். பதிவேட்டில் தேடிக் காணாதோர் என எஸ்றா கூறும் அவ்வரி இந்நகரில் எளிதில் விளங்கக்கூடியதே.

ஆனால் எஸ்றாவின் பட்டியலில் மற்றொரு நுட்பமும் உண்டு. குருமாரே விலக்கப்பட்டனர், மரபு காட்ட இயலாத அந்த 652 பேர் திரும்பிச் செல்லப் பணிக்கப்படவில்லை. சான்று இல்லை என்னும் குறிப்போடு அவர்களும் பட்டியலிலேயே எழுதப்பட்டுள்ளனர்.

இப்ராஹீமின் வழியினர் எவர்

ஆபிரகாமுக்குத் தனித் தோலெதோத் இல்லை என முன்னர்க் கூறினோம். அவர் தந்தை வீட்டை விட்டு வெளியேறியவர். தந்தை வழியே மரபு எண்ணும் ஒரு நூல், தந்தையை விட்டு நீங்கிய ஒருவரையே தன் சமுதாயத்தின் தந்தையாகக் காட்டுகின்றது. திருக்குர்ஆன் இதனை இன்னும் வன்மையாக எடுத்துரைக்கும். ஆஸரோடு இப்ராஹீம் (அலை) கொண்ட பிணக்கு நாம் அறிந்ததே. மக்களுக்குத் தலைவராக ஆக்கப்பெற்றபோது தம் சந்ததியார்க்கும் அப்பேறு உண்டோ என அவர் வேண்ட, அநீதி இழைப்போரை இவ்வுடன்படிக்கை சாராது என்னும் விடை பகரா அத்தியாயத்தில் வருகின்றது. நூஹ் நபியின் மகன் வெள்ளத்தில் மூழ்கியபோது, அவன் உம் குடும்பத்தைச் சேர்ந்தவனல்லன் என அத்தந்தைக்கே உணர்த்தப்படுகின்றது. கிளைகளும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது ஹுஜுராத் அத்தியாயத்தின் கருத்து. பாரசீகத்தவரான சல்மான் (ரலி) அவர்களிடம் மரபு யாதென வினவியபோது, தாம் இஸ்லாத்தின் மைந்தர் என அவர் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது.

இவற்றை ஓதிக்கொண்டே மணப்பேச்சுகளில் எங்கள் மூதாதையர் கப்பலில் வந்தவர், உங்கள் மூதாதையர் களத்துமேட்டிலிருந்து வந்தவர் எனத் தரம் பிரிக்கும் வழக்கம் நம் கடற்கரை ஊர்களில் முற்றும் ஒழிந்ததாகக் கூற இயலாது. ஜமாஅத்துப் பெரியோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். தமிழ் முஸ்லிம்களுட் பெரும்பாலோர் இம்மண்ணின் மக்களே. உமறுவின் தலைமுறைப் படலத்தை நம் படலமாக நாம் படிப்பது எந்த உரிமையால்? குருதியாலா?

இதே வினா யூதரிடையிலும் எழுந்தது. முதற்கனியைக் கோயிலுக்குக் கொண்டுவருவோர் எம் தந்தையர்க்கு அளித்த நாடு எனக் கூறி வழிபடல் வேண்டும். புதிதாக அச்சமயத்தைத் தழுவியவர் அவ்வாறு கூறலாமா? கூறலாகாது என்பது மிஷ்னாவின் தீர்ப்பு. எருசலேம் தல்மூதில் ரபி யூதா என்பார் கூறலாம் என்றார். ஆபிரகாம் பல இனங்களின் தந்தை என்பதே அவர் காட்டிய ஏது. பின்னர், கொர்தோவாவில் 1138இல் பிறந்து எகிப்து நாட்டின் புஸ்தாத்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த மூசா இப்னு மைமூனுக்கு, யூத சமயத்தைத் தழுவிய ஒபதியா என்பவர் ஒரு மடல் எழுதினார். எம் தந்தையரின் இறைவா எனத் தொழுகையில் சொல்லத் தமக்கு உரிமை உண்டோ என்பது அவர் வினா. இப்னு மைமூன் ஒரு சொல்லையும் மாற்றாமல் முழுவதும் சொல்லுமாறு எழுதினார். ஆபிரகாமின் நெறியை ஏற்றோர் யாவரும் அவர் மாணாக்கர், அவர் வீட்டார் என விளக்கினார். பிறப்பால் தாழ்ந்தவரென ஒபதியா தம்மை எண்ணலாகாது என்றும், தம் போன்றோர் மரபு எண்ணினால் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபிடம் சென்று சேருவர், ஒபதியாவின் மரபோ சொல்லால் உலகைப் படைத்தவனிடமே நேரே சென்று சேர்கின்றது என்றும் அம்மடலில் அவர் குறித்தார்.